அண்ணன் பெயரில் இருந்த லைன்

போகிறேன் என்று சொல்கிறவரைப் போகவிடாமல் பேசுவதுதான் என் வேலை. ஒரு டெலிபோன் கம்பெனியில், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களின் அழைப்பெல்லாம் எங்கள் ஹாலுக்குத்தான் வரும். நாற்பது மேசை, நாற்பது ஹெட்போன், ஒரே ஜன்னல். முதலில் அனுதாபம் காட்டுவோம். பிறகு ஒரு சலுகை. அதற்கும் மசியாவிட்டால் இரண்டாவது. கடைசியாக மூன்றாவது, அதில் கட்டணம் பாதியாகிவிடும். ஆனால் ஆள் வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும், முன்கூட்டி வாய் திறந்தால் எங்கள் போனஸ் போய்விடும்.

பதினோரு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், எல்லோரையும்விட அதிகமாகப் பணம் கட்டுகிறவர் ஒரு நாளும் எங்களைக் கூப்பிடாதவர். முன்பெல்லாம் ஒரே கம்பெனி, அரசாங்கம் வைத்த ஒரே விலை. லைன் கிடைக்க வருஷக்கணக்கில் நாய் படாத பாடு பட வேண்டும், அது வேறு கதை. பிறகு கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். ஏழெட்டுக் கம்பெனிகள் வந்தன. விலை சரிந்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் யாருக்குச் சரிந்தது? சண்டை போடுகிறவனுக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பெனி மாறுகிறவனுக்கு. காலையில் ஒருவருக்கு நானூறு என்பேன். அதே இணைப்புக்கு மதியம் இன்னொருவரிடம் கூசாமல் ஆயிரம் என்பேன். மனசாட்சி உறுத்தாதா என்று கேட்டால், சம்பள நாளன்று உறுத்தாது.

என் அண்ணி ஒரு நாளும் கூப்பிடாத ரகம். பூட்டுக்கடை வைத்திருக்கிறார். அண்ணனும் அவருமாகச் சேர்ந்து ஆரம்பித்தது. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்கக் கொக்கிகளில் வெட்டாத சாவிகள், எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் பித்தளைத் தூள். கடையில் வரும் வேலை கொஞ்சம்தான். கதவு சாத்திக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் போன் பண்ணுவார்கள், அண்ணி பையை எடுத்துக்கொண்டு ஓடுவார், அதுதான் பிழைப்பு. பூட்டு மாட்டிய ஒவ்வொரு கதவின் நிலையிலும் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை கதவுகள் என்று அவர்களுக்கே தெரியாது. அண்ணியிடம் செல்போனும் இருக்கிறது, அந்த நம்பர் எனக்கும் இன்னும் நாலு பேருக்கும்தான் தெரியும்.

கடை லைன் அந்தப் பழைய கம்பெனியில், அண்ணன் பெயரில் இருந்தது. அண்ணன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பெயரை மாற்றாமல் விட்டுவைக்கச் சொன்னது நான்தான். கட்டுப்பாட்டை எடுத்தபோது, ஏற்கெனவே லைன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பெயர் மாறாத வரைக்கும் பழைய கட்டணமே தொடரும் என்று ஒரு விதி வைத்தார்கள். பெயர் மாறினால் புது ஒப்பந்தம், புது விலை. அதனால் அந்தக் கம்பெனியின் கணக்கில் அண்ணன் இன்னும் உயிரோடு இருந்தார். மாதா மாதம் அவர் பெயருக்குக் கவர் வரும். அண்ணி அதைக் கிழிக்காமல் கத்தியால் ஓரமாகத் திறப்பார், பணம் கட்டியதும் கவரோடு ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். ரசீதைப் பத்திரப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை கடைப்பக்கம் போனபோது மேசையில் அந்த மாத பில் கிடந்தது. சும்மா எடுத்துப் பார்த்தேன், தலை சுற்றியது. பழைய கட்டணம் பழையபடி இருநூறுதான். அதன் கீழே வரிசையாக நாலு கட்டணம் சேர்த்து மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது.

"என்ன அண்ணி இது? பழைய கம்பிப் பராமரிப்புன்னு ஒண்ணு. காகித பில் கட்டணம்னு ஒண்ணு. பில் அனுப்புறதுக்கே ஒரு பில்லா?"

"வருது, கட்டுறேன்."

"எத்தனை மாசமா இப்படி?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டேதான் இருக்கு. விடேன். லைன் ஒழுங்கா இருந்தா சரி."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா? இதே பொழப்பா ஒருத்தன் வீட்டுல இருக்கேன்."

"சொன்னா நீ சண்டைக்குப் போவ. எனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துச் சாவியின் பல்லை ராவ ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் பாதி விலையில் கொடுக்கிறேன், என் அண்ணியை இன்னொரு கம்பெனிக்காரன் மொட்டை அடிக்கிறான். அண்ணி திரும்பியிருந்த நேரம் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. பாதியாக்கிக் காட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்ற திமிர்தான், வேறென்ன.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் நின்று அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டேன். இருபத்தாறு நிமிஷம் சங்கீதம் கேட்டேன். இடையிடையே, உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல். படியில் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். கடைசியில் ஒரு சின்னப் பையன் குரல் வந்தது.

"லைன் யார் பேர்ல இருக்கோ அவரே பேசுறீங்களா சார்?"

"ஆமா, நான்தான்."

அண்ணனின் பிறந்த தேதியைக் கேட்டான், சொன்னேன். சந்தேகம் வராது. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல். பெற்ற அம்மாவே போனில் என்னை அவர் என்று நினைத்துப் பாதி விஷயத்தைக் கொட்டிவிடுவாள்.

பிறகு என் வித்தையை ஆரம்பித்தேன். இருபது வருஷத்துக்கு மேலான வாடிக்கையாளன், இதுதான் மரியாதையா, இந்த விலைக்கு இந்த லைனே எனக்கு வேண்டாம். "துண்டிச்சிடுங்க" என்றேன். எங்கள் ஹாலில் அந்த வார்த்தை விழுந்தால் மேஸ்திரி மாதிரி ஒருவர் பின்னால் வந்து நிற்பார். அனுதாபம் வரும் என்று காத்திருந்தேன்.

"சரிங்க சார்" என்றான். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "நிச்சயமாத்தானே சார்?"

இதோ, முதல் சலுகைக்கு அஸ்திவாரம் போடுகிறான் என்று நினைத்தேன். குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். "நிச்சயமா. இன்னிக்கே, இப்பவே."

"முடிஞ்சுதுங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "தம்பி, இருங்க. சலுகை எதுவும் இல்லையா?"

"பழைய கட்டண லைனுக்குச் சலுகை கிடையாது சார். அதை யாராவது விட்டாத்தான் எங்களுக்குப் பாயிண்ட். ரொம்ப நன்றி சார்." பாவம், மனசார நன்றி சொன்னான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கம்பெனி புதுசு, பழைய லைன் ஒன்றுகூடக் கிடையாது. விதி கட்டிப்போட்ட அந்த இருநூறு ரூபாயைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் இவர்கள். யார் எப்போது விட்டுத் தொலைவார்கள் என்றுதான் காத்திருக்கிறார்கள், கட்டணத்துக்கு மேல் கட்டணம் ஏற்றுவதும் அதற்குத்தான். பதினோரு வருஷம் பேசிப் பிழைத்தவனுக்கு இது தெரியவில்லை. எல்லா வாசலிலும் என்னை மாதிரி ஒருத்தன் குறுக்கே நிற்பான் என்று நினைத்துவிட்டேன்.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினேன். "லைன் சொந்தக்காரர் ஏழு நாளுக்குள்ள அடையாள அட்டையோட கவுண்டருக்கு நேர்ல வரணும் சார். அதுக்கு மேல ஆச்சுன்னா நம்பரைப் பொதுவுல விட்டுருவாங்க. இது நல்ல நம்பர் சார், கடைசி நாலும் ஏழு. உடனே யாராவது வாங்கிடுவாங்க."

சொந்தக்காரர் நேரில் வர வேண்டுமாம். எங்கிருந்து வருவார்?

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று மதியம் மூன்று பேரை ஐந்து நிமிஷத்தில் போகவிட்டுவிட்டேன், மூன்று போனஸ் போயிற்று. செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனியை நாலு தடவை கூப்பிட்டேன். நாலு குரல், ஒரே பதில். சாப்பாடு இறங்கவில்லை. நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கால் என்னவோ பூட்டுக்கடைக்குத்தான் இழுத்தது.

அண்ணி ரிசீவரைக் காதில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் செத்துக் கிடக்கு. நேத்துலேருந்து ஒரு கால் இல்ல. நீ கொஞ்சம் என்னன்னு கேளேன்."

"ரோட்டுல கேபிள் வேலை நடக்குதாம் அண்ணி. ரெண்டு நாள்ல வந்துரும்." வாயில் பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தொழில் அப்படி.

புதன்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தபோதே ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "என்னக்கா, போனை எடுக்கவே மாட்டீங்களா? குழந்தை உள்ள, நான் வெளியில. நம்பர் உபயோகத்துல இல்லன்னு சொல்லுது. கடைசியில பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைச்சாரு. நல்ல கதவு." அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். நான் கொக்கியில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போனதும் அண்ணி என்னிடம், "உபயோகத்துல இல்லன்னு ஏன் சொல்லுது?" என்றார். எனக்கு ஆபீஸில் அவசரம் என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தாங்க முடியாமல் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணி மெஷினை நிறுத்தினார். கையிலிருந்த சாவியை ஊதித் தூளைத் தட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

"உன்னை யாரு கேட்டா?"

"பாதியாக்கலாம்னு நினைச்சேன் அண்ணி."

"யாரு பேசுறதா சொன்ன?"

"அண்ணன்னு."

மேசையில் கிடந்த தூளைக் கையால் வழித்துத் தள்ளினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப அவரே வேண்டாம்னு சொல்லிட்டதா எழுதியிருப்பான்" என்றார். அப்புறம் கடையை உள்ளே இருந்து சாத்திவிட்டு, இறப்புச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள். பஸ்ஸில் வழி நெடுக நான் சொல்லிக்கொடுத்தேன். இறந்தவரின் மனைவி வாரிசாக நம்பரைக் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. யாரோ கூப்பிட்டுத் துண்டிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் போதும். "நான்தான்னு மட்டும் வாய் தவறிக்கூட வந்துடக் கூடாது அண்ணி. இன்னொருத்தர் பேர்ல பேசுறது எங்க தொழில்ல பெரிய குத்தம். எல்லாக் கம்பெனிக்கும் லெட்டர் போகும். எனக்கு வேற வேலை தெரியாது." அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கேட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. பதிவு என்று ஒன்று இருப்பதை நான் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் அதை யாரும் எடுத்துக் கேட்டதே கிடையாது.

கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மேசையில் சாப்பாட்டு டப்பா, கம்ப்யூட்டர், இரண்டு குட்டி ஸ்பீக்கர். அண்ணி சான்றிதழை நீட்டி விஷயத்தைச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கச்சிதமாகச் சொன்னார். அந்த அம்மா திரையையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா திங்கட்கிழமை அவரே பேசியிருக்காரும்மா. பிறந்த தேதியெல்லாம் சரியாச் சொல்லியிருக்காரு. இருங்க, பதிவு இருக்கு, போடுறேன்."

ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. இருபது வருஷத்துக்கு மேலான வாடிக்கையாளன், இதுதான் மரியாதையா? ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். துண்டிச்சிடுங்க, இன்னிக்கே, இப்பவே என்பதோடு நின்றது.

"இது யாரு குரல், தெரியுதா?"

அண்ணி ஸ்பீக்கரையே பார்த்தார். "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார். அண்ணி கவுண்டரின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்தார். முடிந்ததும் மறுபடி, "சரியாக் கேக்கல. இன்னொரு தடவை" என்றார். ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் நன்றாகத்தான் கேட்டது. என்னைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார், அதற்கு நேரம் எடுக்கிறார் என்று நான் நினைத்தேன். என் கவலை எனக்கு.

"இது என் வீட்டுக்காரர் இல்லைங்க" என்றார் கடைசியில். "அவர் செத்துட்டாரு." அண்ணனைப் பற்றி அந்த வார்த்தையை அண்ணி வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். இத்தனை நாளும் 'அவர் இல்லாதப்புறம்' என்றுதான் சொல்வார்.

"அப்ப யாருன்னு தெரியலையா?"

"தெரியல."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு சார்? நீங்க சொல்லுங்க, இந்தக் குரலை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அண்ணியின் கை என் முழங்கையில் விழுந்தது.

"என் கொழுந்தன். அவனுக்குப் பேச்சு வராதுங்க."

அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டு, "உட்காருங்க சார்!" என்று காது கேட்காதவனிடம் கத்துவது மாதிரி என்னிடம் கத்தினார். உட்கார்ந்தேன். பதினோரு வருஷம் பேச்சையே விற்றுப் பிழைத்தவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடையாளம் தெரியாத நபர் என்று அந்த அம்மா படிவத்தில் எழுதினார். நம்பர் இன்னும் பொதுவில் போகவில்லை, வாரிசு என்ற முறையில் அண்ணிக்குத் தரலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் இழுப்பறையிலிருந்து எடுத்த தாளைப் பார்த்ததும் வந்த உயிர் திரும்பிப் போயிற்று. எல்லாம் அடங்கிய திட்டம். மாதம் ஆயிரத்து நானூறு. இரண்டு வருஷ ஒப்பந்தம்.

"லைன் மட்டும் போதுங்களே" என்றார் அண்ணி.

"நாலு வருஷமா இறந்தவர் பேர்ல பழைய கட்டணம் கட்டியிருக்கீங்கம்மா. அந்த வித்தியாசத்தை மொத்தமா வசூல் பண்ணச் சொல்லி மேல கேப்பாங்க. இந்தத் திட்டத்துல சேர்ந்துட்டா அதை விட்டுருவாங்க."

பச்சைப் பொய். பழைய வித்தியாசத்தை வசூலிக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது, எங்களுக்குப் பயிற்சியில் முதல் வாரமே சொன்னது. லைன் மட்டும் என்று அழுத்திக் கேட்டால் ஐந்நூற்று ஐம்பதுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கேட்காதவரிடம் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான். நானும் தினமும் செய்வதுதான். ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் என் தொண்டையில் நின்றது. டோக்கன் சீட்டின் பின்பக்கம் அவசரமாக எழுதினேன்: பொய், கையெழுத்துப் போடாதீங்க, 550.

அண்ணி சீட்டை வாங்கிப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்க போடணும் கையெழுத்து?"

"இங்க, இங்க, அப்புறம் இங்கயும்மா. படிச்சுப் பாக்குறீங்களா?"

"வேண்டாம். நம்பர் எப்ப வரும்?"

"இன்னிக்குச் சாயங்காலமே."

அண்ணி போட்டார். மூன்று இடத்திலும் தன் பெயரை நிதானமாக எழுதினார். எனக்குக் கோபம் வந்தது, சத்தியமாக. விலை பேசினால் பேச்சு நீளும், பேச்சு நீண்டால் என் பக்கம் மறுபடி திரும்பும், அதற்காகத்தான் போடுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. மாதம் எண்ணூற்று ஐம்பது, இருபத்து நாலு மாதம். என் வேலைக்கு அண்ணி கொடுத்த விலை.

தாள்களை அடுக்கிக்கொண்டே அந்த அம்மா, "இனிமே பில் உங்க பேர்லயே வரும்மா" என்றார். அண்ணி சரி என்று தலையாட்டினார். எழுந்திருப்பார் என்று நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"அந்தக் குரல் இருக்கே, அதை எனக்குக் குடுப்பீங்களா?"

"பதிவையா? புகார் கொடுத்தவங்க நகல் வாங்கலாம். ஆனா அதுக்குத் தனிக் கட்டணம் ஆகும்." அந்த அம்மாவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "எதுக்கும்மா அது? அதான் உங்க வீட்டுக்காரர் இல்லன்னு சொல்லிட்டீங்களே."

"இல்லதான்" என்றார் அண்ணி. "எவ்வளவு?"

"முந்நூறு."

அண்ணி கைப்பையைத் திறந்தார். அண்ணி, அது நான், காசு எதற்கு, எதைச் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறக்க வழியில்லை. அண்ணி நூறு நூறாக மூன்று நோட்டை எடுத்து, ஓரம் மடங்கியிருந்ததை நீவி, கவுண்டரில் வைத்தார்.